எஃப்.ஐ. வண்டி இழுக்கவில்லையா? பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில் தெருவில் யாராவது ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். "அண்ணா, இழுக்கவே மாட்டேங்குது. பிக்-அப் சுத்தமா இல்ல." கூடவே இன்னொன்றும் சொல்வார். பிளக் மாற்றியாச்சு, இன்ஜெக்டர் கிளீன் பண்ணியாச்சு, இப்போது ஏதோ சென்சார் போயிருக்கிறதாம், நாலாயிரம் ஆகுமாம்.

அந்த நாலாயிரத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டிய கட்டுரை இது. வண்டி வேலையில் புதிதாகக் கை வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோலை அளந்து எஞ்சினுக்குத் தூவும் முறை) என்றாலே கம்ப்யூட்டர், நம்மால் முடியாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் பாதிக்கு மேற்பட்ட சோதனைகளை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்குப் பிறகு விற்பனைக்கு வந்த பெட்ரோல் பைக், ஸ்கூட்டர் எல்லாமே ஏறக்குறைய எஃப்.ஐ.தான். பழைய வண்டிகளின் கார்புரேட்டரில் எஞ்சின் உறிஞ்சும் காற்றே பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு போகும். எஃப்.ஐ.யில் அப்படி இல்லை. டேங்கின் அடியில் ஒரு மின்பம்ப் உட்கார்ந்திருக்கிறது. அது பெட்ரோலை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டருக்குத் தள்ளும். ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறீர்கள், உள்ளே போகும் காற்றின் அழுத்தம் என்ன, எஞ்சின் எவ்வளவு சூடு, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் சென்சார்கள் ஈ.சி.யூ. என்ற வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் இன்ஜெக்டரை எத்தனை மில்லி வினாடி திறப்பது என்று ஈ.சி.யூ. முடிவு செய்கிறது. சரியாக எரிந்ததா என்பதைப் புகை போகும் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திரும்பச் சொல்லும்.

ஆக, பழைய வண்டிக்குக் காற்று, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அமுக்கம்) என்று நான்கு போதும். எஃப்.ஐ. வண்டிக்கு இன்னும் இரண்டு வேண்டும்: சரியான வோல்டேஜ், சரியான தகவல். இந்த ஆறில் ஒன்று குறைந்தால்தான் எஞ்சின் தடுமாறும். ஏழாவது காரணம் கிடையாது. எது குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் வேலை.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், டார்ச், காலி கண்ணாடி பாட்டில், பெட்ரோல் எடுக்கக் கை பம்ப் வைத்த ஒரு குழாய், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, பழைய டூத் பிரஷ். அப்புறம் ஒரு நோட்டு. அந்த நோட்டைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், ஏன் என்று பின்னால் தெரியும்.

முதலில், கோளாறு எஞ்சினிலா?

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது செயின் இறுக்கமாக இருக்கிறது. முன் சக்கரத்தையும் அப்படியே பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா? கடற்கரை மணலும் உப்பும் சேர்ந்து டிஸ்க் பிரேக் பிஸ்டனை இறுக்கிவிடுவது இங்கே சாதாரணம்.

அடுத்து கிளட்ச். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினுக்குக் குறையில்லை. ஸ்கூட்டர் என்றால் பெல்ட்டையும் ரோலரையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரை அவற்றுக்கு உதவாது.

புகாரை எழுதுங்கள்

"இழுக்கவில்லை" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நோட்டை எடுத்து இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, சூடான பிறகா? ஐடிலிங்கிலா (ஆக்சிலேட்டர் திருகாமல் நின்றபடி ஓடும்போதா), மெதுவாகப் போகும்போதா, 60-க்கு மேலேயா? ஒரேயடியாக மூச்சு முட்டுகிறதா, விட்டுவிட்டு மிஸ் அடிக்கிறதா? எப்போதிலிருந்து: மழைக்குப் பிறகா, பெட்ரோல் போட்ட பிறகா, சர்வீஸ் விட்டு எடுத்த பிறகா, சைலன்சரோ ஹாரனோ எக்ஸ்ட்ரா லைட்டோ மாட்டிய பிறகா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நேற்று வரை நன்றாக ஓடிய வண்டி இன்று ஓடவில்லை என்றால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. லைட் மாட்டுகிறேன் என்று யாரோ வயரை நடுவில் சீவி டேப் சுற்றியிருப்பார்கள். சர்வீஸில் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளாம்பை முடுக்க மறந்திருப்பார்கள். முதலில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு எப்போதும் ஒரே பாதையை வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் எல்லாம் சமதரை என்பதால் எஞ்சினுக்குப் பாரம் கொடுத்துப் பார்க்க ஏற்றம் தேட வேண்டியிருக்கிறது. கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. புதுச்சேரி என்றால் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம், இல்லையென்றால் கோரிமேடு போகும் வழி. அதே கியர், அதே வேகம், முடிந்தால் பின்னால் அதே ஆள். எந்த இடத்தில் தடுமாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பி, காது கொடுங்கள்

சுற்றிலும் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டேங்குக்குள்ளிருந்து 'உய்ங்ங்' என்று இரண்டு, மூன்று வினாடி ஒரு சத்தம் வந்து நிற்கும். பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. வண்டி நன்றாக இருக்கும்போதே அதைக் கேட்டுப் பழகியிருந்தால் மாற்றம் உடனே தெரியும். சத்தமே இல்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் கில் சுவிட்ச். அதன் பிறகுதான் பம்ப். சத்தம் கரகரப்பாகவோ இழுவையாகவோ இருந்தால் பேட்டரி பலவீனம், அல்லது பம்ப்பின் வடிகட்டி அடைப்பு.

அதே நேரம் மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். சில வண்டிகளில் சில வினாடியில் அணையும், சிலவற்றில் ஸ்டார்ட் ஆனதும் அணையும். ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஈ.சி.யூ. ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அது இன்னும் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் ஈ.சி.யூ.வுக்குக் கரண்ட்டே போகாமல் இருக்கலாம்.

பல வண்டிகளில் இந்த விளக்கின் சிமிட்டலை எண்ணியே கோட், அதாவது ஈ.சி.யூ. பதிந்த கோளாறின் எண்ணைப் படிக்கலாம். ஹோண்டா வண்டிகள் பலவற்றில் நீண்ட சிமிட்டல் பத்து, குட்டிச் சிமிட்டல் ஒன்று. உங்கள் மாடலுக்கு எப்படி என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 2023 ஏப்ரலில் ஓ.பி.டி.2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்காணித்துப் பதியும் முறை) கட்டாயமான பிறகு வந்த வண்டிகளில் ஸ்கேனர் போட்டால் கோட் வந்துவிடும். ஊரில் ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக்குகளும் இப்போது கிடைக்கிறார்கள். கோட் எண்ணை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அழிக்க வேண்டும். எழுதாமல் அழித்தால் கையில் இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லிக் கோட் வந்தால் அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. அந்தச் சென்சாரிடமிருந்து வரவேண்டிய சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்றுதான் பொருள். சென்சார், கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு), வயர், எர்த் ஆகிய நான்கில் எதுவும் காரணமாக இருக்கலாம். கோட் இல்லாததாலேயே கோளாறு இல்லை என்றும் ஆகிவிடாது. தண்ணீர் கலந்த பெட்ரோல், அடைத்த ஃபில்டர், பலவீனமான பிளக் போன்றவற்றை நம் ஊர் வண்டிகள் பெரும்பாலும் கோடாகச் சொல்லாது.

பேட்டரி

செல்ஃப் அடிக்கிறது, அதனால் பேட்டரி நல்லது என்று விட்டுவிடாதீர்கள். வோல்டேஜ் குறைந்தால் பம்ப் மெதுவாகச் சுற்றும், இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், ஸ்பார்க் மெலியும். பார்ப்பதற்கு எல்லாம் தனித்தனிக் கோளாறு போலவே இருக்கும்.

இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் மற்ற சோதனைகளைச் செய்வதே வீண், சார்ஜ் ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஏறக்குறைய 10 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. ஸ்டார்ட் ஆகி மூவாயிரம், நாலாயிரம் ஆர்.பி.எம். வைத்தால் 13.5-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ரெகுலேட்டர், ஸ்டேட்டர் பக்கம் போங்கள். 15-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், ஈ.சி.யூ.வுக்கு ஆபத்து.

டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். எர்த் வயர் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டையும் மறக்காதீர்கள், உப்புக் காற்றில் அதன் அடியில் துரு ஏறியிருக்கும். ஓடும் காரிலிருந்து ஜம்ப் கொடுப்பது, பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுவது இரண்டும் எஃப்.ஐ. வண்டியில் கூடவே கூடாது.

பெட்ரோல்: மழைக்குப் பிறகு முதல் சந்தேகம் இதன்மேல்தான்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. என்னுடைய 150 சி.சி. பைக் வெள்ளத்தில் மூழ்கவில்லை. ஆனால் அத்தனை மழையும் அதன் டேங்க் மேல்தான் பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்தேன். ஸ்டார்ட் ஆனது, தெருமுனை வரை நன்றாகப் போனது. செம்மண்டலம் தாண்டியதும் உதறத் தொடங்கியது. 40-க்கு மேல் போனால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. பட்டறையில் காட்டியபோது ஈ.சி.யூ.வில் தண்ணீர் போயிருக்கும், மாற்ற வேண்டும் என்றார்கள். சொல்லப்பட்ட தொகையைக் கேட்டதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டேங்க் மூடியைத் திறந்தபோதுதான் கவனித்தேன். மூடியைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் இன்னும் தண்ணீர் நின்றிருந்தது. அந்தப் பள்ளத்தில் ஒரு குட்டித் துளை உண்டு. மேலே விழும் மழைத் தண்ணீர் அந்தத் துளை வழியாக ஒரு குழாயில் இறங்கி வண்டிக்குக் கீழே கொட்டிவிட வேண்டும். என் வண்டியில் அந்தத் துளையை மண்ணும் எறும்புப் புற்றும் அடைத்திருந்தன. போக வழியில்லாத தண்ணீர் மூடியின் ரப்பரைத் தாண்டி டேங்குக்குள் கசிந்திருக்கிறது.

டேங்கின் அடிமட்டத்திலிருந்து கை பம்ப்பால் கால் லிட்டர் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தனி அடுக்கு. மேலே இளமஞ்சள், கீழே கலங்கிய வெள்ளை, நடுவில் கத்தியால் வெட்டியது போல் ஒரு கோடு. பாட்டிலைச் சாய்த்தால் இரண்டும் தனித்தனியாக அசைந்தன.

இது ஏன் எஃப்.ஐ. வண்டிக்குப் பெரிய தொல்லை? இப்போது பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்துக்கொண்டு எஞ்சினுக்குள் கொண்டுபோய்விடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உட்கார்ந்திருப்பதும் அதே அடியில்தான். மேலே எட்டு லிட்டர் நல்ல பெட்ரோல் இருந்தாலும் எஞ்சினுக்குப் போவது கீழே இருக்கும் தண்ணீர்தான்.

டேங்கைக் கழற்றி முழுக்கக் காலி செய்தேன். நல்ல பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, வெயிலில் காய வைத்தேன். அடைப்பை எடுக்கக் கம்பி விடவில்லை, குழாய் கிழிந்துவிடும். தேவனாம்பட்டினத்தில் வாங்கிய தடித்த தூண்டில் நரம்பை விட்டு ஆட்டியதும் மண் கரைந்து இறங்கியது. வண்டி அன்று மாலையே கேப்பர் மலை ஏறியது. அந்த ஈ.சி.யூ. இன்னும் மாற்றப்படவில்லை.

உங்கள் வண்டியிலும் இப்போதே மூடியைத் திறந்து அந்தத் துளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டிக்குக் கீழே சொட்டினால் நல்லது.

பெட்ரோல் எடுக்கும்போது சில கட்டுப்பாடுகள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சக்கூடாது. திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். வாசலில் அகல் விளக்கு ஏற்றும் நேரத்தில் செய்யவே செய்யாதீர்கள். எடுத்ததைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

இ20-ஐப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் எந்தக் கோளாறு வந்தாலும் எத்தனால்மேல் பழி போடுகிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு என்பது உண்மை. கணக்குப் போட்டால் சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிடும்போது லிட்டருக்கு 6, 7 சதவீதம் குறையும். அது மைலேஜில் தெரியும். வண்டி உதறவோ மூச்சு முட்டவோ அது மட்டும் காரணமாகாது. பழைய பெட்ரோலுக்கான ரப்பர் குழாய்கள் உள்ள வண்டிகளில் அந்தக் குழாய்கள் ஊறி வெடிக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

கடலூரிலிருந்து முள்ளோடை, கிருமாம்பாக்கம் போய் டேங்க் ரொப்பி வருவது இங்கே எல்லோருக்கும் வழக்கம். புதுச்சேரியில் விலை குறைவு. அதில் தப்பில்லை. எந்தப் பங்க்காக இருந்தாலும் பெருமழை ஓய்ந்த முதல் இரண்டு நாளில் முழு டேங்க் போடாதீர்கள். தரைக்கடியில் இருக்கும் அவர்கள் தொட்டியிலும் தண்ணீர் இறங்கலாம். பெட்ரோல் போட்ட பத்து நிமிடத்தில் தொடங்கிய கோளாறு என்றால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் சோதனையைச் செய்து, பாட்டிலோடு போய்ப் பேசுங்கள்.

கப்ளர்களில் பச்சை

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். எஞ்சின் விளக்கு எரிகிறது, ஐடிலிங் எகிறுகிறது, திடீரென்று இழுவை போய்விடுகிறது என்று கொண்டுவந்தார். கோட் ஆக்சிலேட்டர் பக்கத்துச் சென்சாரைக் காட்டியது. புதுச் சென்சார் தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடியோடு (ஆக்சிலேட்டர் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் பாகம்) முழு செட் வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சாவியை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அந்தச் சென்சாரின் கப்ளரைப் பிரித்தோம். மூன்று பின்களில் ஒன்றின்மேல் பச்சைக் களிம்பு படர்ந்து, பாதி பின் அரித்துப்போயிருந்தது.

"என்னப்பா இது, பாசி மாதிரி இருக்கு?" என்றார்.

மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். ஃபுட்போர்டிலிருந்து அது தினமும் சொட்டிச் சொட்டி வயரிங்மேல் இறங்கியிருக்கிறது. செம்புப் பின்னில் உப்பு பட்டால் பச்சை ஏறும். பச்சை ஏறிய இடத்தில் மின்தடை கூடும். இந்தச் சென்சார்கள் வேலை செய்வது 5 வோல்ட்டில்தான். ஹெட்லைட் கப்ளரில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 5 வோல்ட் சிக்னலில் அரை வோல்ட் குறைந்தால் ஆக்சிலேட்டர் வேறு நிலையில் இருப்பதாக ஈ.சி.யூ. நம்பிவிடும். பெட்ரோல் அளவும் அதற்கேற்ப மாறிவிடும்.

காண்டாக்ட் கிளீனர் அடித்து, டூத் பிரஷால் தேய்த்து, காயவிட்டு, அதற்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு வைத்துத் திரும்ப மாட்டினோம். கோட்டை அழித்தோம். மறுபடி வரவில்லை. மீன் பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் தட்டு வைக்கச் சொன்னேன், வைத்திருக்கிறார்.

நீங்கள் செய்யும்போது கப்ளரை வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பூட்டை அழுத்திப் பிளாஸ்டிக்கைப் பிடித்து எடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், பின்மேல் இருக்கும் பூச்சு போய்விடும். சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸும் வேண்டாம். சாவி ஆனில் இருக்கும்போது ஈ.சி.யூ. கப்ளரைத் தொடவே தொடாதீர்கள். எல்லாக் கப்ளரையும் பிரித்தாலும் பின்கள் சுத்தமாகவே இருக்கின்றன என்றால் வயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். எலி கடித்த இடம் கைக்குத் தெரியும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் மிஸ் அடித்தால், ஸ்டியரிங் தலைக்குப் பக்கத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது.

வாட்டர் வாஷ் கடைகளில் வேகமான தண்ணீரைச் சீட்டுக்கு அடியிலும் டேங்குக்குக் கீழேயும் நேராக அடிக்க விடாதீர்கள். வாஷ் முடித்த மறுநாள் வரும் புகார்கள் பெரும்பாலும் இதனால்தான்.

பிளக், ஏர் ஃபில்டர்

பிளக்கைக் கழற்றி மூக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எண்ணெய் ஈரம் என்றால் எஞ்சின் ஆயில் உள்ளே வருகிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைகிறது. இடைவெளி பெரும்பாலான வண்டிகளுக்கு 0.7-லிருந்து 0.9 மி.மீ. வரை. புதிது போடும்போது மேனுவலில் சொன்ன அதே எண்ணை வாங்குங்கள். எஃப்.ஐ. வண்டிக்கு ரெசிஸ்டர் உள்ள பிளக் கட்டாயம், இல்லையென்றால் ஸ்பார்க்கின் மின் இரைச்சல் ஈ.சி.யூ.வைக் குழப்பும். இரவில் விளக்கணைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் கேப்பைச் சுற்றி நீலப் பொறி ஓடினால் கேப் போய்விட்டது.

ஏர் ஃபில்டர் பல வண்டிகளில் எண்ணெய் தோய்த்த காகித வகை. அதைக் கழுவக்கூடாது, காற்றடித்தும் ஊதக்கூடாது, கெட்டால் மாற்ற வேண்டியதுதான். பெட்டிக்கு அடியில் இருக்கும் வடிகுழாயை மழைக்குப் பிறகு திறந்து விடுங்கள்.

ஐடிலிங் ஏறி இறங்கினால்

மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். தானாக ஏறி, தானாக இறங்கி, கடைசியில் ஆஃப் ஆகிறதா? இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

ஒன்று, திருட்டுக் காற்று. த்ராட்டில் பாடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் வெயிலில் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சிலர் கார்புரேட்டர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். சைலன்சரின் பெண்டு பைப் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்து ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும். அந்த இடத்தில் கறுப்புக் கரி கோடு போட்டிருக்கும்.

இன்னொன்று, த்ராட்டில் பாடியில் படிந்த கரி. அதற்கென்று உள்ள கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். அங்கே பெயிண்ட் தடவிப் பூட்டியிருக்கும் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். கார்புரேட்டர் பழக்கத்தில் அதைத் திருகி ஐடிலிங் ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கம்பெனியில் அளந்து வைத்த நிலை, திருகிவிட்டால் சென்சாரின் கணக்கே தப்பாகிவிடும். சுத்தம் செய்த பிறகு ஐடிலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்ளச் செய்யும் முறை உங்கள் மேனுவலில் இருந்தால் அதைச் செய்யுங்கள்.

வேகத்தில் மட்டும் மூச்சு வாங்கினால்

தவளக்குப்பம் தாண்டி நேர் ரோட்டில் 60, 70 போகும்போது பெட்ரோல் தீர்ந்தது போல இழுத்துப் பிடிக்கிறது, ஆக்சிலேட்டரைக் குறைத்தால் சரியாகிவிடுகிறது. இது பெட்ரோல் போதாமை.

முதலில் காசில்லாத சோதனை. கோளாறு வந்ததும் ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, அதன் பிறகு வண்டி சரியாக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வேறொன்றுமில்லை.

அதுவல்ல என்றால் பம்ப் அழுத்தத்தை அளக்க வேண்டும். கேஜ் உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். லைனில் அழுத்தம் நிற்பதால் குழாயை அப்படியே பிடுங்கினால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும், புதியவர்கள் கை வைக்க வேண்டாம். அளவு மேனுவலில் இருக்கும், பெரும்பாலும் 3 பார் அளவில். ஐடிலிங்கில் சரியாகக் காட்டி, ரேஸ் பண்ணும்போது கேஜ் முள் சரிந்தால் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் சோர்வு. எப்போதும் ரிசர்வ் வரை ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பம்ப் குளிர்வதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோலால்தான்.

அழுத்தம் சரி என்றால் இன்ஜெக்டர். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்துப் பிடியைக் காதில் வையுங்கள். டிக் டிக் என்று ஒரே சீராகக் கேட்க வேண்டும். கேட்டால் மின்சாரப் பக்கம் நல்லது. தூவல் சரியா என்பதை டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளீன் செய்யச் சொல்லுங்கள்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடினால்

கிராங்க் சுற்றுவதை ஈ.சி.யூ.வுக்குச் சொல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் பல்சர் காயில் என்ற சென்சார் இப்படிச் செய்யும். சூட்டில் உள்ளே காயிலின் கம்பி அறுந்து விலகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். அதனால் நின்ற அந்த நிமிடத்திலேயே மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் (மின்தடை) பார்க்க வேண்டும், பட்டறைக்குப் போய் ஆறிய பிறகு பார்த்தால் நல்லதாகவே காட்டும். இன்னொரு காரணம் டேப்பட், அதாவது வால்வுகளுக்கு விட்டிருக்கும் இடைவெளி. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி இறுகிவிட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். டேப்பட் பார்ப்பதை எஃப்.ஐ. வந்த பிறகு பலர் மறந்தே போனார்கள். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்க வேண்டிய வேலை அது.

காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் எஞ்சின் வெப்பச் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஏற்கெனவே சூடு என்று அது பொய் சொன்னால் ஈ.சி.யூ. கூடுதல் பெட்ரோல் கொடுக்காது.

மெக்கானிக்கிடம் போகும்போது

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் நல்ல மெக்கானிக்கிடம் போவதில் வெட்கமில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "இழுக்கல" என்று சொல்வதற்குப் பதில், "சூடான பிறகு, மூன்றாம் கியரில், 50-க்கு மேல், ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறது, பேட்டரி 12.6, சார்ஜிங் 14.1, பாட்டிலில் தண்ணீர் இல்லை, கோட் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம். எதையாவது மாற்ற வேண்டும் என்றால், என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே ஏற்றம், அதே கியர், அதே வேகம். ஓட்டிவிட்டு வந்து நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதுங்கள்.